ஐஆர் பயிற்சியை எங்கே, யாரிடம், எப்படி எடுப்பது? சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

விமானி ஆகப் போகிறேன் என்று சொல்லும் சென்னைப் பிள்ளைகளிடம் பேசினால் எந்த நாட்டில் சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) எடுப்பது, மொத்தம் எவ்வளவு ஆகும், ஏர்லைன் வேலை எப்போது கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளும் தவறாமல் வரும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதியான ஐஆரை, எங்கே, யாரிடம் கற்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "அதுவும் பேக்கேஜில் சேர்த்திதானே" என்று விட்டுவிடுகிறார்கள். சேர்த்திதான், ஆனால் மொத்தப் பயிற்சியிலும் ஆளை அதிகம் திணறடிக்கிற பகுதி அதுதான், நாளைக்கு ஏர்லைனில் ஒவ்வொரு நாளும் கைகொடுக்கப் போவதும் அதுதான். அதனால் இதைத் தனியாக எடுத்து யோசிப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடு, பள்ளியின் பெயர், விமானத்தின் புதுமை எல்லாம் அடுத்த கணக்கு. ஒரே பயிற்றுநரிடம், இடைவெளி விடாமல், வாரத்துக்கு மூன்று நான்கு முறை பறக்க முடிகிற இடம் எதுவோ அதுதான் ஐஆர் எடுக்கச் சரியான இடம்.

ஐஆர் எதற்கு?

வெறும் லைசென்ஸ் இருந்தால் கண்ணால் பார்த்துப் பறக்கலாம், அதாவது விஎஃப்ஆர். அதற்குப் பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம் வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீட்டர், மேலும் கீழும் 1000 அடி தள்ளி இருக்க வேண்டும். போகிப் பண்டிகை காலையில் சென்னை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய பாய், டயர் எல்லாம் எரிந்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஐஎல்எஸ் என்பது ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் அமைப்பு. அதன் சாதாரண வகையான கேட்டகிரி ஒன்று அப்ரோச்சில், அதாவது இறங்க நெருங்கும்போது, 200 அடி உயரத்துக்குள் ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட வேண்டும், ஓடுபாதையில் 550 மீட்டராவது பார்வைத் தூரம் இருக்க வேண்டும். 5 கிலோமீட்டருக்கும் 550 மீட்டருக்கும் நடுவே இருக்கிற அந்த வானத்தில் பறக்கத்தான் ஐஆர். இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு விஎஃப்ஆரில் ஊர்விட்டு ஊர் போக முடியாது. உள்ளூர்ப் பறத்தலுக்கும் பயிற்சிக்கும் மட்டும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) விலக்கு தரலாம். ஆக, ராத்திரியில் ஊர் போய்ச் சேரவும் ஐஆர்தான்.

மேகத்துக்குள் போனால் "கொஞ்சம் கவனமாக இருந்தால் சமாளிக்கலாம்" என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும். முடியாது. உள்காதில் இருக்கும் திரவம் மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் சாய்ந்துகொண்டே போகும், உடம்போ நேராக இருப்பதாகச் சத்தியம் செய்யும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே தெரியாதபடி செய்து பறக்க விட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. 1999இல் ஜான் கென்னடி ஜூனியர் ராத்திரியில் கடல்மேல் பறந்து விழுந்ததற்கும் இந்தத் திசைக் குழப்பத்தைத்தான் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. அவரிடம் விமானம் ஓட்டும் லைசென்ஸ் இருந்தது, ஐஆர் இல்லை. அதனால் ஐஆர் பயிற்சியை லைசென்ஸில் ஒரு வரி கூடுவதற்கான சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவி சொல்வதை நம்பும் பழக்கத்தை மூளைக்குள் ஏற்றுகிற வேலை அது, ஏறுவதற்கு நாள் பிடிக்கும்.

முதல் வேலை: கணக்கைத் தெரிந்துகொள்வது

இந்திய விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிப்படி ஐஆருக்கு விமானத்தின் பொறுப்பு விமானியாக 50 மணி நேரக் கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறத்தல்) வேண்டும், 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் நேரம் வேண்டும். அந்த நாற்பதில் தரையில் சிமுலேட்டரில் உட்கார்ந்து எடுப்பது 20 மணிக்கு மேல் போகக் கூடாது. சிபிஎல்லுக்கான 200 மணி நேரத்துக்குள்ளேயே இந்த இரண்டையும் பொருத்திக்கொள்ள முடியும், ஆனால் தானாகப் பொருந்தாது. வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மணியை நிரப்பிவிட்டு, கடைசியில் கிராஸ் கன்ட்ரி குறைகிறது என்று கூடுதல் காசு கட்டிப் பறக்கிறவர்கள் நிறைய. சோலோ (தனியாக) போன நாளிலிருந்தே லாக்புக்கில் கிராஸ் கன்ட்ரி, ஹூட் நேரம் (வெளியே தெரியாதபடி கண் மறைப்பு போட்டுப் பறப்பது), சிம் (சிமுலேட்டர்) நேரம் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டி வையுங்கள். சிம் நேரத்துக்கு எந்தக் கருவி, அதற்கு என்ன அங்கீகாரம், பயிற்றுநர் கையெழுத்து என்று எல்லாமே தாளில் இருக்க வேண்டும்.

கிளாஸ் ஒன் மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள். காசு கட்டிய பிறகு மெடிக்கலில் சிக்கல் வந்தால் அந்த வேதனை வீட்டில் எல்லோருக்கும். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன் பேப்பர்களையும் ஐஆர் பறத்தல் தொடங்கும் முன் பாஸ் செய்துவிடுவது நல்லது. 70 சதவீதம் வேண்டும். எழுபதுக்காக மட்டும் கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தவர்கள் ஹோல்டிங்கில் (இறங்க முறை வரும்வரை ஒரே இடத்தில் சுற்றி வருவது) காற்றுத் திருத்தம் போடச் சொல்லும்போது மாட்டிக்கொள்வார்கள். ரேடியோ லைசென்ஸான ஆர்டிஆருக்குப் படிக்கும்போதே ஐஎஃப்ஆரில் (கருவிகளை வைத்துப் பறக்கும் முறை) ஏடிசி தரும் கிளியரன்ஸைத் திருப்பிச் சொல்லி வாய் பழகட்டும்.

இந்தியாவிலா, வெளிநாட்டிலா?

மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் குட்டி விமானங்கள் பறந்த காலம் போய்விட்டது. சென்னைக்காரர் எப்படியும் மூட்டை கட்டித்தான் ஆக வேண்டும். இந்தியாவிலேயே என்றால் உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்ச், மகாராஷ்டிராவின் கோண்டியா என்று ஊர்ப் பெயர்கள் வரும். இங்கே எடுப்பதில் பெரிய வசதி, லைசென்ஸை மாற்றும் வேலை இல்லை, நம் ஊர் ஏடிசியிடம் பேசியே கற்கிறோம், நம் பருவநிலையிலேயே பழகுகிறோம். பெரிய தொல்லை காத்திருப்பு. விமானம் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை, பெரிய விமானங்களுக்காக வானத்தை மூடுவது, வடக்கே டிசம்பர் ஜனவரியில் மூடுபனி, நடு இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. வேறு பயிற்சியில் ஒரு மாத இடைவெளியைச் சமாளிக்கலாம், ஐஆரில் முடியாது. மூன்று வாரம் பறக்காமல் இருந்தால் கருவிகள்மேல் கண் ஓடுகிற வேகம் போய்விடும், அடுத்த இரண்டு மூன்று பறத்தல் பழையதை மீட்கவே செலவாகும், அந்தக் காசும் உங்களுடையதுதான். 2025 முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்கா என்றால் பார்ட் 61, பார்ட் 141 என்ற இரண்டு வழி காதில் விழும். முதலாவதில் பாடத்திட்டம் நெகிழ்வானது. 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் நேரம், அதில் 15 மணியாவது தகுதியுள்ள பயிற்றுநரோடு, பிறகு 250 நாட்டிகல் மைல் நீளமான ஒரு ஐஎஃப்ஆர் பயணம், அதில் மூன்று வகை அப்ரோச். இரண்டாவதில் அரசு ஒப்புதல் பெற்ற பாடத்திட்டம், நடுநடுவே ஸ்டேஜ் செக் என்ற தேர்வு, குறைந்தபட்சம் 35 மணி. ஐந்து மணி மிச்சம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள், திரும்பி வந்து இங்கே மாற்றும்போது டிஜிசிஏ கேட்பது 40. மொத்தக் கணக்கில் அது வருகிறதா என்று அங்கிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். மாணவர் விசாவில் போகிற நமக்கு விசாவுக்கான ஐ-20 படிவம் தரும் தகுதியுள்ள பள்ளிதான் வழி என்பதால் பெரும்பாலும் 141 பக்கம்தான் போய் நிற்போம். வெளிநாட்டவர் ஐஆர் பயிற்சி தொடங்க டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதியும் வேண்டும். இதைப் பிந்திச் செய்து வாரக்கணக்கில் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

எந்த மாநிலம் என்பதும் முக்கியம். அரிசோனாவில் வருடம் முழுக்க வெயில், தடையில்லாமல் பறக்கலாம், ஆனால் ஒரு மேகத்துக்குள்கூட நுழையாமல் ஐஆர் கையில் வந்துவிடும். ஃபுளோரிடாவில் மேகம் கிடைக்கும், கோடை மதியங்களில் இடிமழையும் கிடைக்கும், அதனால் காலையில் பறக்க ஸ்லாட் வாங்க வேண்டும். வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்து மேகத்துக்குள் இறக்கையில் ஐஸ் படியும், பயிற்சி விமானங்கள் அதற்குத் தகுதியற்றவை, ஆக மேகம் இருந்தும் நுழைய முடியாது. இந்த விஷயத்தில் நம் தென்னிந்திய வானம் அருமையானது. உறைநிலை சுமார் பதினாறாயிரம் அடிக்கு மேலேதான், பயிற்சி விமானம் அங்கே போகவே போவதில்லை. இடிமேகம் இல்லாத அடுக்கு மேகமாகப் பார்த்து ஐஎஃப்ஆர் கிளியரன்ஸோடு நுழைந்து வந்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படிப்பட்ட நாட்கள் கிடைக்கும், புயல் வருகிற நாட்களைத் தவிர்த்துவிட்டு.

எங்கே எடுத்தாலும் இதைக் கேளுங்கள்: ஹூட் போட்டு மட்டுமா, நிஜ மேகத்துக்குள்ளும் கூட்டிப் போவீர்களா? ஹூட்டின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், ஒரு நிழல் நகர்வது எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும், அதுவே உடம்புக்கு ரகசியமாக உதவும். நிஜ மேகத்தில் அந்த உதவி கிடையாது.

சிமுலேட்டரை எப்படிப் பயன்படுத்துவது

சிம் என்றால் காசு மிச்சம் பிடிக்கிற குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஐஆரைப் பொறுத்தவரை அது தப்பு. விமானத்தில் சத்தம், வெயில், ரேடியோ எல்லாவற்றுக்கும் நடுவே புதிதாக ஒன்றைக் கற்பது கஷ்டம். சிம்மில் பயிற்றுநர் பாதியில் நிறுத்தி, "இப்போது எங்கே இருக்கிறாய், ஊசி ஏன் அந்தப் பக்கம் போகிறது" என்று கேட்க முடியும். ஆகவே ஒவ்வொரு புதுப் பாடமும் முதலில் சிம்மில், அப்புறம் விமானத்தில். இருபது மணியையும் முதலிலேயே மொத்தமாகத் தீர்த்துவிடும் பள்ளி, கடைசியில் நேரம் குறைகிறது என்று சிம்மில் தள்ளிவிடும் பள்ளி இரண்டுமே வேண்டாம்.

வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேனோ மைக்ரோசாஃப்டோ வைத்துப் பழகும் நேரம் லாக்புக்கில் ஏறாது, ஆனால் மூளையில் ஏறும். சென்னை விஓஆரை (திசை காட்டும் தரை ரேடியோ நிலையம்) வைத்தே தொடங்கலாம். அதன் அடையாளம் எம்எம்வி. அலைவரிசையைப் போட்டதும் ஊசியைப் பார்க்காதீர்கள், முதலில் மோர்ஸைக் கேளுங்கள்: டா டா, டா டா, டி டி டி டா. கேட்டு உறுதி செய்யாமல் எந்த ஊசியையும் நம்புவதில்லை என்பது முதல் பழக்கம். பிறகு கடல் பக்கமிருந்து 20 நாட் காற்று வைத்து அதன்மேல் ஒரு ஹோல்டிங் போடுங்கள். விஓஆரை நோக்கி வரும் நேர்ப்பகுதி, அதாவது உள்வரும் கால், ஒரு நிமிடம் வர வேண்டும். உள்ளே வரும்போது காற்றுக்கு 5 டிகிரி திருத்தம் தேவைப்பட்டால் வெளியே போகும்போது மூன்று மடங்கு, 15 டிகிரி. சுற்றில் இரண்டு திருப்பத்திலும் காற்று உங்களைத் தள்ளுகிறது, அங்கே திருத்தம் போட முடியாது, அதனால் அந்தக் கடனையும் வெளிப்போகும் காலிலேயே கட்ட வேண்டியிருக்கிறது. இதைக் காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்த்தவர்களுக்கு மறக்காது.

வீட்டுச் சிம்மில் ஒரு ஆபத்தும் உண்டு. கட்டுப்பாட்டின் எடையும் டிரிம்மும் நிஜம் மாதிரி இருக்காது, திருத்த ஆளும் இல்லாததால் ஒரே கருவியை முறைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முறைகளைப் பழக மட்டும் அது போதும், ஓட்டுவதை அங்கே பழக வேண்டாம்.

பயிற்றுநரும் பள்ளியும்

ஐஎல்எஸ்ஸில் இறங்கும்போது ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஊசி அரைப் புள்ளி இடது பக்கம் நகரும். புதியவர் பதறி 20 டிகிரி திருப்புவார், ஊசி நடுவுக்கு வரும், நிற்காமல் வலது பக்கம் பாயும், அவர் மறுபடி திருப்புவார், அதற்குள் உயரம் போயிருக்கும். ஒரு வகைப் பயிற்றுநர் "இடது, இடது, இப்போ வலது" என்று கத்திக்கொண்டே கடைசிவரை ஓட்ட வைப்பார். மாணவருக்கு அப்ரோச் முடிந்த திருப்தி கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. நல்லவர் ஒன்றும் பேச மாட்டார், மிஸ்டு அப்ரோச் போக (இறங்காமல் மேலேற) வைப்பார், நேராக்கிய பிறகு "ஊசியைத் துரத்தாதே, ஒரு ஹெடிங்கைப் பிடி, 5 டிகிரிக்கு மேல் மாற்றாதே, ஊசி என்ன செய்கிறது என்று பொறுத்துப் பார்" என்பார். காசு கட்டும் முன் பயிற்றுநரோடு சேர்ந்து ஒரே ஒரு டூயல் பறத்தல் கேட்டு வாங்குங்கள், எந்த வகை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பள்ளியில் விளம்பரத் தாளைப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஐஎஃப்ஆருக்குத் தகுதியாக இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, அதற்கு எத்தனை மாணவர், ஐஆர் சொல்லித்தர அனுமதி உள்ள பயிற்றுநர் எத்தனை பேர், அவர்களில் யாராவது ஏர்லைனுக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆபீஸில் பதில் வராது. வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் "தம்பி, கடைசியா எப்ப பறந்தே?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் யோசித்துச் சொன்னால் அந்தப் பள்ளியின் நிலைமை புரிந்துவிடும்.

பத்து நாளில் ஐஆர் என்று விரைவுப் பயிற்சிகள் உண்டு. ஏற்கெனவே நிறையப் பறந்தவருக்கு அது பொருந்தும். புதியவருக்கு ஒரே நாளில் இரண்டு பறத்தலுக்கு மேல் மூளை தாங்காது, மூன்றாவதில் கற்பது எதுவும் தங்காது. இரண்டு மூன்று மாதத்துக்குள், வாரம் மூன்று நான்கு பறத்தல், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உட்கார்ந்து பேச்சு. இதுதான் எனக்குத் தெரிந்து சரியான வேகம்.

கண்ணாடித் திரையா, வட்டக் கருவியா?

ஜி1000 மாதிரித் திரை உள்ள விமானத்தில் கற்றால் ஏர்லைன் காக்பிட்டுக்குப் பழக்கமாக இருக்கும். ஆறு வட்டக் கருவிகளில் கற்றால் கண் ஓட்டம் உறுதியாகும். எதில் கிடைக்கிறதோ அதில் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் திரையிலோ கருவியிலோ பாதி செத்துப்போன நிலையில் ஓட்டுவதையும், கண்ணை மூடித் திறந்ததும் கோணலாக இருக்கும் விமானத்தை நிமிர்த்துவதையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். ஆட்டோபைலட்டைக் கடைசிவரை தொடாமல் இருப்பது நல்லது.

காசும் நேரமும்

நகையை வைத்தும் மனையை விற்றும் பிள்ளையை அனுப்பும் வீடுகள் நம் ஊரில் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: மொத்தத் தொகையை ஒரே தவணையில் கட்டாதீர்கள். பறந்த மணிக்குக் காசு, அல்லது சிறு சிறு தவணை. மணிக்கு இவ்வளவு என்பதில் எரிபொருள், பயிற்றுநர் கட்டணம், இறங்குகிற விமான நிலையத்தின் கட்டணம், செக் எடுக்கும் தேர்வாளர் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். குறைந்தபட்ச மணிகளுக்கு மட்டும் பட்ஜெட் போடாதீர்கள், அதற்குள் முடிப்பவர்கள் குறைவு.

எப்போது எடுப்பது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். இந்தியாவில் ஐஆர் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு செக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். ஏர்லைன்கள் பெரும்பாலும் கேட்பது மல்டி எஞ்சின் ஐஆர், அந்த விமானத்தின் மணிக்கட்டணமோ சிங்கிள் எஞ்சினைவிடப் பல மடங்கு. ஆகவே முதலில் சிங்கிள் எஞ்சினிலும் சிம்மிலும் ஐஆரின் எல்லாப் பாடத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு, மல்டியில் கடைசிச் சில மணி நேரத்தில் செக் கொடுப்பது சிக்கனம். படிப்பு முடிந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் தேதி எதுவோ அதற்கு அருகில் அந்தச் செக் விழும்படி திட்டமிடுங்கள். லைசென்ஸோடு வீட்டில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களின் ஐஆர் அந்தக் காத்திருப்பிலேயே காலாவதியாகி, புதுப்பிக்க மறுபடி மல்டி எஞ்சின் காசு கட்ட வேண்டி வருகிறது. காத்திருக்க நேர்ந்தால் மாதம் ஒருமுறையாவது அங்கீகரிக்கப்பட்ட சிம்மில் ஒரு ஹோல்டிங், இரண்டு அப்ரோச், ஒரு மிஸ்டு அப்ரோச் போட்டு வாருங்கள். ஏர்லைன் சிம் தேர்வில் உட்காரும்போது கேட்கப் போவதும் ஏறக்குறைய அதையேதான்.